ஒரு பூலியன் தின்ற இரண்டு நாள்

சி ஷார்ப்பிலிருந்து ஒரு சி லைப்ரரியைக் கூப்பிடும் வேலை. அனுப்ப வேண்டிய ஸ்ட்ரக்ட் (பல மதிப்புகளை ஒன்றாகக் கட்டிய தொகுப்பு) ரொம்பச் சின்னது: ஒரு இன்ட் (முழு எண்), ஆக்டிவ், லாக்டு என்று இரண்டு பூல் (பூலியன், அதாவது மெய் அல்லது பொய்), கடைசியில் லெவல் என்று ஒரு ஷார்ட் (சின்ன முழு எண்). இரண்டு பக்கமும் ஒரே வரிசையில்தான் எழுதியிருந்தேன். ஆனால் லெவலுக்கு 7 என்று அனுப்பினால் அந்தப் பக்கம் 0 என்றுதான் போய்ச் சேருகிறது, லாக்டு எப்போதும் பொய். எர்ரர் எதுவும் வரவில்லை, கிராஷும் ஆகவில்லை, அதுதான் கொடுமை.

இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு இரண்டு பக்கமும் அளவை அச்சிட்டுப் பார்த்தேன். சி பக்கம் 8 பைட், சி ஷார்ப் பக்கம் மார்ஷல் சைஸ்ஆஃப் (அந்தப் பக்கம் அனுப்பப்படும் வடிவத்தின் அளவைச் சொல்லும் ஃபங்ஷன்) சொன்னது 16! சியில் பூல் 1 பைட். சி ஷார்ப் ஓடும் தளமான டாட்நெட்டோ ஸ்ட்ரக்டை மார்ஷல் செய்யும்போது, அதாவது சிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றும்போது, நாம் எதுவும் சொல்லாவிட்டால், விண்டோஸின் பழைய பூல் வழக்கப்படி அதை 4 பைட்டாக விரித்துவிடும். அதனால், 0விலிருந்து எண்ணினால், லெவல் 12வது பைட்டில் போய் உட்கார்ந்திருக்க, சி அதை 6வது பைட்டில் தேடிக்கொண்டிருந்தது, அங்கே இருந்ததோ ஆக்டிவின் மிச்ச சுழியங்கள்.

சி ஷார்ப்பில் ஒவ்வொரு பூலுக்கு மேலும் மார்ஷல்ஆஸ் என்ற குறிப்பைப் போட்டு யூ1 (1 பைட்) என்று குறித்தேன், சரியாகிவிட்டது.

அப்புறம், சியின் லாங் என்ற முழு எண் வகையின் அளவையும் நம்பாதீர்கள்: 64 பிட் விண்டோஸில் 4 பைட், லினக்ஸில் 8. சி ஹெடரில் (ஸ்ட்ரக்டை அறிவிக்கும் ஃபைலில்) இன்ட்32_டி, இன்ட்64_டி என்று அளவைச் சொல்லியே எழுதுங்கள்.