நாற்பது வருஷம் கழித்து கொழும்பு

கீழக்கரையில் எங்கள் வீட்டு மாடியில் நின்றால் கடல் தெரியும், அதற்கு அந்தப் பக்கம்தான் நான் பத்து வயதுவரை வளர்ந்த கொழும்பு. 1983 கலவரத்துக்குப் பிறகு வாப்பா கடையை விற்றுவிட்டு எங்களைத் தலைமன்னாரில் கப்பலேற்றி ராமேஸ்வரம் கொண்டுவந்தார், கொஞ்ச நாளில் அந்தக் கப்பலும் நின்றுபோனது. இப்போது மதுரையில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரம்தான். இத்தனை வருஷம் ஏன் போகவில்லை என்று உம்மா கேட்டால் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

கொழும்பு புறக்கோட்டைக் கடைவீதியில், இரண்டாம் குறுக்குத் தெருவில் அந்தச் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல் (1909ல் கட்டி முடித்தது) அப்படியே இருக்கிறது. எங்கள் கடைதான் மொபைல் கவர் கடையாகிவிட்டது. அப்புறம் கடலோரக் காலிமுகத்திடலில் இறால் வடை. காரம் மட்டும் மாறவில்லை, கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அதுதான் காரணம் என்று மகளிடம் சொல்லிவிட்டேன்.