சிவப்புக் கரண்டி, நீலக் கரண்டி

ஜனவரி 6, செவ்வாய். ஜெருசலேம்.

கோழிக் குழம்பு மறுபடியும் உப்புக் கரித்துவிட்டது. இங்கே விற்கிற கோஷர் (யூத உணவு விதிக்கு உட்பட்ட) கோழியை, ரத்தம் இறங்குவதற்காக அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு மணி நேரம் கல்லுப்பில் போட்டு, அலசித்தான் கடைக்கே அனுப்புகிறார்கள். அதன் மேல் நான் நாகர்கோவில் கைக்கணக்கில் உப்புப் போட்டால்? நான் இருந்து பார்த்துக்கொள்கிற யூதப் பாட்டி ஒரு வாய் வைத்துவிட்டு, "மாமி, தண்ணீர்" என்றார். எண்பத்தைந்து வயதுக்காரர் என்னை மாமி என்கிறார்! எபிரேயத்தில் அது நம் 'கண்ணு' மாதிரி.

ஜனவரி 7, புதன்

இன்று ஒரே களேபரம். கறியும் பாலும் கலக்கவே கூடாது என்பது இவர்கள் விதி. அதனால் இந்த வீட்டில் கறிக்குச் சிவப்பு, பாலுக்கு நீலம். கரண்டி, பாத்திரம், தேய்க்கிற பஞ்சு, தொட்டி எல்லாமே இரண்டிரண்டு. ஏதோ ஞாபகத்தில் நீலக் கரண்டியைக் கொதிக்கிற கோழி சூப்புக்குள் விட்டுக் கிண்டிவிட்டேன். சத்தமில்லாமல் கழுவி வைத்துவிடலாமா என்று தோன்றியது. மனசு கேட்கவில்லை, சொல்லிவிட்டேன்.

பாட்டி திட்டவில்லை. மகனுக்குப் போன் போனது, மகனிடமிருந்து ரபிக்கு, அதாவது அவர்கள் மதகுருவுக்கு. டாக்டர் கேட்கிற மாதிரிக் கேள்விகள் வந்தன. அந்தக் கரண்டி கடைசியாகச் சூடான பாலில் பட்டது எப்போது? சூப்பில் வெங்காயம், காரம் தூக்கலா? ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சியதுதான் கடைசி, சூப்பில் காரமே இல்லை என்றேன். 24 மணி நேரம் தாண்டிவிட்டதால் சூப் தப்பித்தது. கரண்டியைத்தான் ஒரு நாள் சும்மா போட்டு வைத்து, அப்புறம் கொதிநீரில் முக்கி எடுக்கவேண்டும்.

ஜனவரி 9, வெள்ளி

நாலேகால் வாக்கில் சபாத் என்கிற ஓய்வுநாளுக்கு விளக்கேற்றவேண்டும். அதற்கப்புறம் நாளை இருட்டும்வரை சமையல் கிடையாது. அதனால் ராத்திரி முழுக்கச் சூட்டிலேயே வேகிற தஃபினா: ஊறிய கொண்டைக்கடலை, உருளைக்கிழங்கு, மாட்டுக்கறி, கோதுமை, ஓட்டோடு முட்டை, இரண்டு பேரீச்சம்பழம். கோதுமையைத் தட்டில் பரப்பி நேற்றே பூச்சி பார்த்துவிட்டேன். அரிசி பொறுக்கி வளர்ந்த கண், அதில் பாட்டிக்கு என் மேல் நம்பிக்கை.

சமைப்பது நான். அடுப்பில் ஏற்றுவது மட்டும் பாட்டி. யூதர் கை படாமல் வேற்றாள் மட்டுமே சமைத்தது ஆகாதாம். எதிர்வீட்டு அம்மா போலந்து வழி வந்தவர். நெருப்பைப் பற்றவைத்துக் கொடுத்தாலே அவர்கள் வழக்கத்தில் போதும். மொரோக்கோவில் பிறந்த பாட்டிக்கு அது போதாது. முதல் மாதம் எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. குளிப்பாட்டிவிட என் கை வேண்டும், சோறாக்க ஆகாதா?

இன்று பானை நல்ல கனம். அடுப்பு விளிம்புவரை நான் தூக்கி வைத்தேன். பாட்டி வாக்கரை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் அதை நெருப்புக்கு மேல் தள்ளி நிறுத்தினார். மூச்சு வாங்கியது. பொழுது சாய்வதற்குள் பிளாட்டா என்கிற மின்சாரச் சூட்டுத் தட்டுக்கு மாற்றினோம். ராத்திரி முழுக்க அங்கேதான் இருக்கும்.

ஜனவரி 10, சனி

முட்டையை உரித்தால் உள்ளே டீ நிறம். கடலை வெண்ணெயாய்க் கரைகிறது. ஒரு வரமிளகாய் கிள்ளிப் போட்டிருக்கலாம்.

ஜனவரி 12, திங்கள்

தேங்காய்ப்பால் ஊற்றிக் கோழி வைத்தேன். பாட்டிதான் ஏற்றினார். வெள்ளையாகக் கொதிப்பதைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "இது காயின் பால், மாட்டுப்பால் இல்லை, கொச்சி யூதர்களே கறிக்கு இதைத்தான் ஊற்றுவார்கள்" என்றேன். சமாதானமானார். ஆனாலும் பார்க்கிறவர்கள் தப்பாக நினைக்கக் கூடாதாம். கறியில் பாதாம்பால் ஊற்றினால் பக்கத்தில் பாதாம் வைக்கவேண்டும் என்று பழைய விதி இருக்கிறது, தேங்காய்க்கும் அப்படியே செய் என்றார்.

துருவாமல் மிச்சமிருந்த அரைமூடியைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். மகன் வந்தார். குழம்பைப் பார்த்தார், தேங்காய் மூடியைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் கை கழுவப் போனார்.

சாப்பிட்டு முடிக்க மணி மூன்று. கறி சாப்பிட்டால் ஆறு மணி நேரம் கழித்துத்தான் பால். பாட்டி கடுங்காப்பியைக் குடித்துக்கொண்டே விரல்விட்டு எண்ணினார். பால் காப்பி ஒன்பது மணிக்கு வேண்டுமாம்.