நாலு பேரைப் பிழைக்க வைத்த 'அ'

சனிக்கிழமை மதியம் கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்களிடம் கெஞ்சி லேப் சாவி வாங்கினேன். ஓடுகிற சிஸ்டம் 11. என் பிள்ளைகள் 24 பேர், மூன்றாம் ஆண்டு பி.ஏ. இங்கிலீஷ்.

போன மாதம் போளூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு அப்பா, "இங்கிலீஷ் படிச்சா டீச்சர் வேலைதானே மேடம்?" என்றார். மேலே 2 வருடம் பி.எட்., அப்புறம் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு, அப்புறம் காத்திருப்பு. அவ்வளவையும் அவரிடம் சொல்ல மனம் வரவில்லை.

சென்னையில் வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்கு டைப்செட்டிங்கும் (அச்சுக்குப் பக்கம் அமைப்பது) காப்பி எடிட்டிங்கும் (எழுதியதில் பிழை திருத்துவது) செய்து தரும் அலுவலகங்கள் பல வருடங்களாக இருக்கின்றன. எங்கள் பிள்ளைகளுக்கு அது தெரியாது. என்னிடம் படித்த ஒருத்தி அங்கேதான் இருக்கிறாள். "இப்ப இலக்கணத் தப்பையெல்லாம் மெஷினே திருத்திடுது மேம். அது எங்க தப்பா திருத்துதுன்னு பாக்கறதுதான் எங்க வேலை" என்றாள் போனில்.

அதனால் மருத்துவக் கட்டுரை மாதிரி ஒரு பக்கம் நானே எழுதி, வேர்டில் திருத்தமெல்லாம் தனியாகத் தெரியும்படி ட்ராக் சேஞ்சஸ் போட்டுத் திருத்தச் சொன்னேன். அதில் ஒரு வரி: 'ஃப்யூ பேஷன்ட்ஸ் ரெகவர்ட்.' பாதிக்கு மேல் ஆட்கள் 'ஃப்யூ'வுக்கு முன்னால் ஒரு 'அ' (இங்கிலீஷ் a) சேர்த்துவிட்டார்கள். காதுக்கு அதுதான் நன்றாக இருக்கிறதாம். தேறியவர்கள் ரொம்பக் குறைவு என்று டாக்டர் கையை விரித்த வரி, சிலர் தேறிவிட்டார்கள் என்று ஆகிவிட்டது. இரண்டையும் போர்டில் எழுதிக் காட்டினேன்.

"மேம், நாலு பேரைப் பொழைக்க வச்சிட்டோம்" என்றான் கடைசி வரிசைப் பையன்.

நானும் சிரித்தேன், ஆனால் உறுத்தியது. கவிதையில் ஒரு சொல் ஏன் அங்கே நிற்கிறது என்று கேட்பதுதானே இந்தப் படிப்பே? நாங்களோ கைடைப் பார்த்து எசே மனப்பாடம் செய்ய வைத்து அனுப்புகிறோம். (நானும் அப்படித்தான் பாஸானேன்.)

அந்த வரியைத் தொடாதவர்களில் ஒரே ஒரு பெண் மட்டும் அதைச் சும்மா விடவில்லை. முன்பின் வரிகளை இரண்டு அர்த்தத்துக்கும் இடம் கொடுக்கும்படி வேண்டுமென்றே எழுதியிருந்தேன். அவள் ஓரத்தில் கமென்ட் போட்டு, இதுவா அதுவா, எழுதியவர் உறுதிப்படுத்தவும் என்று கேட்டிருந்தாள். தொழிலில் அதற்கு ஏ.க்யூ. என்று பெயர், ஆதர் க்வெரி. அவளுக்கு அந்தப் பெயரே தெரியாது.

அவள் ரெஸ்யூமேயை வாங்கிப் பார்த்தேன். 'ஹாபி: லிசனிங் டு மியூசிக்'. அதை அடித்துவிட்டு, அந்த இடத்தில் என்ன எழுதலாம் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்தோம். அதற்குள் லேப்பைப் பூட்ட ஆள் வந்துவிட்டார்.