பானெட்டில் கல்லடி: முழுப் பெயின்டா, புள்ளிப் பூச்சா?

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு வேலை நிமித்தமாகக் காரில் அடிக்கடி போய்வருகிறவர்கள், தேசிய நெடுஞ்சாலை 44-இல் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிச் செல்லும் டிப்பர் லாரிகளுக்கு நடுவேதான் வண்டி ஓட்டியாக வேண்டும். தார்ப்பாய் கட்டாத பாரத்திலிருந்து நேராக உதிரும் கல் ஒருபுறம் இருக்க, முன்பே உதிர்ந்து சாலையோரம் கிடந்து, முன்னால் போகும் டயரில் சிக்கி மேலெழும்பும் கல்தான் எனக்குப் பெரும்பாலும் அடித்திருக்கிறது. ஆறு ஆண்டுகள் ஓடிய என் வெள்ளிச் சாம்பல் நிறக் காரின் பானெட் முன்விளிம்பிலும், பம்பரிலும், கண்ணாடியின் இருபுறத் தூண்களிலும், பின்சக்கரத்துக்கு முன்னுள்ள கீழ்ப்பட்டையிலும் பெயின்ட் பெயர்ந்த புள்ளிகள் பெருகி, இனி ஏதாவது செய்தே தீர வேண்டும் என்ற நிலை வந்தது.

என்ன செய்வது என்று கேட்டால் இரண்டு விதமான பதில்கள்தாம் கிடைத்தன. வழக்கமாக வண்டி விடும் சர்வீஸ் சென்டரில் பானெட்டையும் பம்பரையும் முழுமையாகப் பெயின்ட் அடித்துவிடலாம் என்றார்கள். அதற்குப் பத்தாயிரம் ரூபாயை ஒட்டி மதிப்பீடும் எழுதித் தந்தார்கள். வண்டி வைத்திருக்கும் நண்பர்களோ, "ஓடுகிற வண்டிக்குக் கல்லடி படத்தான் செய்யும், விட்டுத்தள்ளுங்கள்" என்றார்கள். இரு தரப்பிலும் யாரும் ஒரு புள்ளியைக்கூடக் குனிந்து பார்க்கவில்லை என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது. கல்லடிபட்ட இடம் எவ்வளவு அகலம் என்பதைவிட எவ்வளவு ஆழம் என்பதே செய்ய வேண்டிய வேலையைத் தீர்மானிக்கிறது. ஆழத்தைப் பார்க்காமல் சொல்லும் எந்த யோசனையும் ஊகம்தான்.

கார் உடம்பின் பெயின்ட் ஒரே பூச்சு அல்ல. எஃகுத் தகட்டின் மேல் பாஸ்பேட் பூச்சு, அதன்மேல், வண்டிக்கூட்டைத் தொட்டியில் முழுக்கி மின்சாரத்தின் உதவியால் படியவைக்கும் துருத்தடுப்புப் பூச்சு, அதன்மேல் பிரைமர், பிறகு நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே, பட்டறைக்காரர்கள் லேக்கர் என்று சொல்லும் நிறமற்ற மேற்பூச்சு. இத்தனையும் சேர்ந்தே பெரும்பாலான கார்களில் 100 முதல் 140 மைக்ரான் வரைதான் வரும். தலைமயிர் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வரும் தடிமன் அவ்வளவுதான். நிறம் தருகிற அடுக்கு இதில் 20 மைக்ரானைத் தாண்டுவது அரிது. அதனால் ஒரு சிறு கல் வேகமாக மோதினால் மேலடுக்கோடு நிற்கவும் செய்யலாம், தகடு வரைக்கும் இறங்கவும் செய்யலாம்.

வண்டியை ஷாம்பு போட்டுக் கழுவி, ஒட்டியிருந்த தாரை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் நீக்கி, மறுபடியும் சோப்பு நீரால் கழுவிக் காயவிட்டு, பூதக்கண்ணாடியும் டார்ச் விளக்குமாக உட்கார்ந்தேன். இந்தச் சோதனைக்கு எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை. நகத்தை மெல்ல இழுத்தால் சிக்காமல், வெண்மையாக மட்டும் தெரிகிற புள்ளி லேக்கரைத் தாண்டவில்லை. நகம் சிக்கி, உள்ளே மங்கிய சாம்பல் நிறம் தெரிந்தால் பிரைமரோடு நின்றிருக்கிறது என்று கொள்ளலாம். பளபளப்பான வெள்ளி நிறம் தெரிந்தால் அது தகடு. பழுப்பு தெரிந்தால் துரு தொடங்கிவிட்டது. என் கார் போன்ற நிறத்தில் தகடும் பேஸ் கோட்டும் ஏறக்குறைய ஒன்றுபோல மின்னுவதால், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்த பிறகே பல புள்ளிகளை இனம் பிரிக்க முடிந்தது. மென்மையான துணியைச் சுற்றிய ஒரு காந்தத்தையும் பானெட்டில் வைத்துப் பார்த்தேன். சில கார்களில் பானெட் அலுமினியத்தால் ஆனது. அங்கே பழுப்புத் துரு வராது, வெண்பொடிதான் பூக்கும். என்னுடையது எஃகு.

ஒவ்வொரு புள்ளியின் பக்கத்திலும் மாஸ்கிங் டேப் துண்டு ஒட்டி, அதில் ஆழத்தைக் குறித்தபோது படம் தெளிவாயிற்று. பானெட்டில் பாதிக்கு மேற்பட்டவை லேக்கரோடும் பிரைமரோடும் நின்றவை. தகடு தெரிந்தவை விளிம்பை ஒட்டியே குவிந்திருந்தன, அவற்றிலும் சிலவற்றில்தான் துரு. பம்பரில் எத்தனை புள்ளிகள் இருந்தாலும் அது பிளாஸ்டிக். துருப்பிடிக்க அங்கே எதுவும் இல்லை. உண்மையில் மோசமாக இருந்தது, சர்வீஸ் சென்டர் மதிப்பீட்டில் இடம்பெறாத கீழ்ப்பட்டை. அங்கே துரு, பெயின்டுக்கு அடியில் ஊர்ந்து போய்ச் சிறு கொப்புளங்களை எழுப்பியிருந்தது. பார்வைக்கு முன்னால் இருப்பதற்கு மதிப்பீடு போடுகிறார்கள், குனிந்தால்தான் தெரிவதைப் பற்றிப் பேச ஆளில்லை.

பானெட்டை முழுதாக அடிப்பதற்கு நான் ஏன் சம்மதிக்கவில்லை என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் மேற்பூச்சைச் சுமார் 140 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சூளையில் வாட்டி இறுக்குகிறார்கள். துருத்தடுப்புப் பூச்சுக்கு அதைவிடவும் அதிக வெப்பம். வயரும் ரப்பரும் பிளாஸ்டிக்கும் பொருத்தி முடிந்த வண்டியை அப்படி வாட்ட முடியாது என்பதால், பட்டறையின் பெயின்ட் பூத்தில் 60 டிகிரி அளவில், இறுகவைக்கும் ஹார்டனர் திரவம் கலந்த பெயின்டைத்தான் இறுக்குவார்கள். நல்ல கையில் அதுவும் நன்றாகவே நிற்கும். ஆனால் உள்ளே இருக்கும் தொழிற்சாலைப் பூச்சை எமரி பேப்பரால் தேய்த்துவிட்டுத்தான் அதை அடிக்க வேண்டும். சில இடங்களில் மட்டும் காயம்பட்ட பரப்பை முழுவதும் தேய்த்துப் புதிதாகப் பூசினால், நன்றாக இருக்கும் பெரும்பகுதியையும் சேர்த்து விட்டுக்கொடுக்கிறோம்.

நிறம் இன்னொரு சிக்கல். வெள்ளை, கறுப்பு போன்ற வெறும் நிறங்களைப் பொருத்துவது எளிது. மெட்டாலிக் நிறத்திலோ நுண்ணிய அலுமினியச் செதில்கள் மிதக்கின்றன. அவை எந்தக் கோணத்தில் படிகின்றன என்பது பெயின்ட் தெளிக்கும் துப்பாக்கியின் காற்றழுத்தத்தையும், தின்னர் அளவையும், அன்றைய வெப்பத்தையும் பொறுத்தது. ஒரே குறியீட்டு நிறமாக இருந்தாலும் பானெட் ஒரு சாயலும், பக்கத்தில் முன்சக்கரத்துக்கு மேலுள்ள ஃபெண்டர் வேறு சாயலுமாகத் தெரியலாம். இதை மறைக்க நல்ல பெயின்டர்கள் ஃபெண்டர் வரைக்கும் நிறத்தைக் கரைத்துக் கொண்டுபோவார்கள். அப்படியானால் தகடு வரைக்கும் புள்ளி இறங்காத ஃபெண்டரும் மறுபெயின்ட் ஆகிவிடும். நாளை வண்டியை விற்கப் போனால், வாங்க வருபவர் தடிமன் அளக்கும் கருவியை வைத்துப் பார்த்து, "முன்பக்கம் அடிபட்டதா?" என்றுதான் முதலில் கேட்பார். கல்லடிப் புள்ளிகளோடு இருக்கும் கம்பெனிப் பெயின்டுக்கு அந்தச் சந்தேகம் எழாது.

இன்சூரன்ஸில் போட்டுவிடலாமே என்ற யோசனையும் வந்தது. கணக்குப் பார்த்தேன். 1500 சிசி வரையுள்ள கார்களுக்கு ஒவ்வொரு கிளெய்முக்கும் கட்டாயமாக நம் கையிலிருந்து 1000 ரூபாய் கழியும். தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப்ரிசியேஷன் வசதி இல்லாத பாலிசியில், பெயின்டிங் செலவில் பொருளுக்கான பகுதியில் 50 விழுக்காட்டையும் கழிப்பார்கள். இவற்றைவிடப் பெரியது, கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்காகச் சேர்ந்திருக்கும் 50 விழுக்காடு போனஸ், அதாவது பிரீமியத் தள்ளுபடி, அடுத்த புதுப்பிப்பில் போய்விடுவது. அது சொந்தச் சேதப் பகுதியின் பிரீமியத்துக்கு மட்டுமே உரியது என்றாலும், மறுபடியும் 20 விழுக்காட்டிலிருந்து ஏறி வர ஆண்டுகள் ஆகும். கூட்டிக் கழித்தால் மிஞ்சுவது சொற்பம். அதோடு, ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாக விழுந்த புள்ளிகளை ஒரே நாளில் நடந்த ஒரே விபத்து என்று எழுதித்தர வேண்டும். அது பொய் என்பதால் அந்தப் பேச்சை அத்தோடு விட்டேன்.

கீழ்ப்பட்டையை மட்டும் பட்டறைக்குக் கொடுப்பதென்று முடிவு செய்தேன், ஏனென்றால் பெயின்டுக்கு அடியில் ஊர்ந்துவிட்ட துருவைப் புள்ளி வைத்து மூட முடியாது; நல்ல தகடு தெரியும்வரை சுரண்டியாக வேண்டும். தெரிந்த ஒரு டிங்கரிங் பட்டறையில் பெயின்டர் அண்ணனிடம் காட்டியபோது, அவரே பானெட்டைப் பார்த்துவிட்டு, "சார், இதுக்கு துப்பாக்கி வேண்டாம், பிரஷ் போதும். கம்பெனி பெயின்டத் தொடாம இருக்கிறவரைக்கும் நல்லது" என்றார். வருமானம் தரும் வேலையை வேண்டாமென்று சொல்கிற ஒருவரிடம் மற்ற வேலையை நம்பிக் கொடுக்கலாம். அவர் துருவைத் தேய்த்தெடுத்து, எப்பாக்சி பிரைமர் போட்டு, பட்டி தேவைப்படாத அளவுக்கு மேடுபள்ளத்தை எமரியாலேயே சமன்செய்து, கதவுக்குக் கீழுள்ள மடிப்புக்கோடு வரையில் மட்டும் நிறத்தை நிறுத்தினார். தாழ்வான பரப்பு என்பதால் அங்கே சிறு சாயல் வேறுபாடு கண்ணில் படுவதில்லை.

பானெட்டையும் தூண்களையும் நானே செய்தேன். காலத்தைத் தேர்வதுதான் முதல் வேலை. கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஈரக்காற்றில் பூசிய லேக்கர் வெளுத்துப்போகக்கூடும்; தகட்டில் ஈரம் இருந்தால் துருவை உள்ளே வைத்து மூடியதாகிவிடும். ஆகவே பிப்ரவரி வரை காத்திருந்து, காலை வேளையில், பானெட் சூடேறுவதற்கு முன், கூரைக்குக் கீழே செய்தேன். பெயின்டுக்கு, கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் நிறக் குறியீட்டோடு பெட்ரோல் டேங்கின் வெளிமூடியையும் கழற்றிக் கலவைக் கடைக்குக் கொண்டுபோனேன். ஆறு ஆண்டு வெயில் பட்ட நிறத்தை அந்த மூடி காட்டும், குறியீடு காட்டாது. ஒரே குறியீட்டுக்குள்ளேயே சில சாயல்கள் இருப்பதால், கலந்ததை ஒரு தகட்டுத் துண்டில் தடவிக் காயவைத்து வெயிலில் பொருத்திப் பார்த்தே வாங்கினேன்.

செய்முறையில் பொறுமைதான் பெரும்பகுதி. துரு இருந்த புள்ளிகளைக் கூர்மையான கத்திமுனையால் சுரண்டி, துருவை மாற்றும் திரவத்தில் ஒரு துளி வைத்து, புட்டியில் சொல்லியிருந்த நேரம் விட்டுத் துடைத்தேன். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு எண்ணெய்ப் பசையை நீக்கிய பிறகு, பல்குத்தும் குச்சியின் முனையால் தகடு தெரிந்த இடத்துக்கு மட்டும் பிரைமர். அது காய்ந்ததும் பேஸ் கோட்டை மெல்லிய சுற்றுகளாக வைத்தேன். கரைப்பான் ஆவியாகும்போது பூச்சு சுருங்கி உள்ளிறங்கும் என்பதால், ஒரே முறையில் நிரப்ப முயன்றால் மேலே தோலும் உள்ளே ஈரமுமாக நின்றுவிடும். கடைசியாக ஹார்டனர் கலந்த லேக்கர், சுற்றுப்பரப்பைவிட ஒரு மயிரிழை மேலே எழும்படி. இதில் மூச்சுக்குக் கேடான ஐசோசயனேட் இருப்பதால் துளித்துளியாகக் குச்சியில் வைக்கும்போதும் கையுறை போட்டு, காற்றோட்டத்தில்தான் செய்ய வேண்டும். இதையே துப்பாக்கியால் தெளிப்பது, உரிய சுவாசக் கவசம் இல்லாமல் வீட்டில் செய்யும் வேலையே அல்ல.

மேடாக நின்ற லேக்கரை ஒரு வாரம் இறுகவிட்டு, 2000 எண் வாட்டர் பேப்பரை ரப்பர் துண்டில் ஒட்டி, சோப்பு நீர் தொட்டு, புள்ளியின் தலையை மட்டும் தேய்த்து, பின் 3000 எண்ணால் மெருகேற்றி, ரப்பிங் காம்பவுண்டால் பளபளப்பை மீட்கலாம். இதைப் பெரிய புள்ளிகளுக்கு மட்டுமே செய்தேன். சுற்றியுள்ள நல்ல லேக்கரின் தடிமனே 40, 50 மைக்ரான்தான் என்னும்போது, கடுகளவு மேட்டைச் சமன்செய்ய அதைத் தேய்ப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. லேக்கரோடு நின்ற புள்ளிகளைத் தொடவேயில்லை. பிரைமர் தெரிந்தவற்றுக்கு நிறமும் லேக்கரும் மட்டும். பம்பரை அப்படியே விட்டுவிட்டேன். என்றைக்காவது பெரிதாக உரசினால் அப்போது மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

முடிந்தபின் நான்கு அடி தூரத்திலிருந்து பானெட்டில் எதுவும் தெரியவில்லை, குனிந்து பார்த்தால் எல்லாம் தெரிகின்றன. பிரஷ்ஷில் வைத்த மெட்டாலிக் நிறத்தில் செதில்கள் துப்பாக்கியில் படிவதுபோலத் தட்டையாகப் படியாததால், அந்தப் புள்ளிகள் சற்றுக் கருத்தே இருக்கின்றன. அழகு வேண்டுமென்று இதைச் செய்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள். துரு நிற்க வேண்டும் என்பது மட்டுமே நோக்கமென்றால் இது போதும்.

இனிமேல் விழாமலிருக்க என்ன செய்யலாம் என்பதையும் சேர்த்தே யோசித்தேன். செராமிக் கோட்டிங் போடச் சொன்னவர்கள் உண்டு. சில மைக்ரான்கூட வராத அந்தப் பூச்சு தண்ணீரையும் அழுக்கையும் வழியவிடும், கல்லை நிறுத்தாது. கல்லைத் தாங்குவது 200 மைக்ரானை ஒட்டிய பாலியூரிதேன் பாதுகாப்பு ஃபிலிம்தான். ஆனால் பானெட்டில் புள்ளிவைத்த பூச்சின் மேல் அதை ஒட்டினால், பின்னாளில் உரிக்கும்போது புள்ளிகளும் சேர்ந்து வந்துவிடக்கூடும். முன்விளிம்பில் மட்டும் ஒட்டினால் ஃபிலிம் முடியும் கோடு அழுக்குச் சேர்ந்து தெரியும். பானெட்டில் அடிப்பது பிறர் டயர் எழுப்பும் கல். அதற்குத் தூரம் விடுவதும் வேகம் குறைப்பதும்தான் வழி. மோதும் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதால், 100-இலிருந்து 80-க்கு இறங்கினால், சாலையில் அசைவின்றிக் கிடந்து எழும் கல்லின் அடி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. எலுமிச்சையும் மிளகாயும் கண்ணடிக்குத்தான், கல்லடிக்கு இல்லை.

கீழ்ப்பட்டையில் அடிப்பதோ நம் சொந்த முன்சக்கரம் எறியும் கல். அங்கே தூரம் விட்டுப் பயனில்லை. முன்சக்கரங்களுக்கு மட்ஃப்ளாப் மாட்டினேன். பட்டறையில் அடித்த புதுப் பெயின்ட் நன்றாக இறுகட்டும் என்று பெயின்டர் அண்ணன் சொன்ன ஒரு மாதம் கழித்து, அந்தப் பட்டையிலும் பின்சக்கர வளைவின் முன்பகுதியிலும் மட்டும் ஃபிலிம் ஒட்டச் செய்தேன். மீந்த பேஸ் கோட்டை மூடி இறுக்கி அலமாரியில் வைத்திருக்கிறேன்; வண்டி கழுவும்போது தகடு தெரியும் புதுப்புள்ளி ஏதாவது கண்ணில் பட்டால், மழைக்காலமாக இருந்தால் தற்காலிகமாக மெழுகு தடவி வைத்து, வெயில் வந்ததும் குச்சியை எடுத்துக்கொள்கிறேன்.