கையைத் தூக்கிப் பாருங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற நகரங்களில் தையல் கடைக்கு வருகிறவர்கள் இப்போது கைப்பேசியில் ஒரு படத்தோடுதான் வருகிறார்கள். "இதே மாதிரி தைச்சுக் கொடுங்கக்கா." படத்தில் இருப்பவர் சும்மா நிற்கிறார். கேட்பவரோ தமிழ்ப்பள்ளியில் நாளெல்லாம் பலகையில் எழுதுகிறவர், கிளினிக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர், இல்லை மோட்டாரில் தொழிற்சாலைக்குப் போகிறவர். படத்தைப் பார்த்துவிட்டு நாங்கள் கேட்பது வேறு: வீட்டில் யோசிக்காமல் எடுத்து மாட்டுகிற உடுப்பு எது? அதைக் கொண்டு வாருங்கள்.

அந்த உடுப்பை மேசையில் விரித்து டேப் வைத்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். தோள் தையலுக்குத் தோள் தையல், அக்குளுக்கு அக்குள், கழுத்திலிருந்து நீளம், கை நீளம் என்று நாலே அளவுகள். அக்குள் அளவை இரண்டால் பெருக்கினால் உடுப்பின் மார்புச் சுற்று. இதைக் குறித்து வைத்துக்கொண்டால் ரெடிமேட் கடையிலும் இணையத்திலும் எம், எல் என்ற எழுத்தை நம்பி ஏமாற வேண்டியதில்லை. ஒரு கம்பெனியின் எல் இன்னொரு கம்பெனியின் எம் அளவில் இருக்கும். உடம்பின் மார்புச் சுற்றுக்கு மேல் ஆண்கள் சட்டைக்கு 4 அங்குலம், பஞ்சாபி சூட்டுக்கு 3 அங்குலம், ரவிக்கைக்கு 1 முதல் 1½ அங்குலம் இருந்தால் பெரும்பாலோருக்குச் சரியாக உட்காரும்.

அதிகம் கெடுவது கைக்குழியில், அதாவது உடுப்பில் கையைப் பொருத்தும் வளைவில். "கை தூக்கினா இழுக்குது, கைக்குழியை இறக்கி வைங்க" என்பார்கள். இறக்கினால் இன்னும் மோசமாகும். கைக்குழி அக்குளை விட்டுக் கீழே போகப் போக, கையை உயர்த்தும்போது பக்கத் தையல் மொத்தமும் கூடவே மேலே ஏறும். ரவிக்கையின் அடிப்பட்டி மார்பு மேல் வந்து நிற்பதற்கும், சட்டை இடுப்பிலிருந்து வெளியே வருவதற்கும் காரணம் இதுதான். கைக்குழி அக்குளை ஒட்டி, இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இருக்க வேண்டும். தளர்வு வேண்டுமென்றால் கையின் மேல்சுற்றில் முக்கால் அங்குலம் கூட்ட வேண்டும். ட்ரையலில் கண்ணாடி முன் விறைப்பாக நிற்காமல், பலகையில் எழுதுவது போல் கையைத் தூக்குங்கள், உட்காருங்கள், குனியுங்கள். ஆழமாக வெட்டிவிட்ட கைக்குழியை மறுபடி உயர்த்தத் துணி இருக்காது. அக்குளில் கட்டத் துண்டு வைத்துச் சமாளிக்கலாம், ஆனால் பார்வைக்கு நன்றாக இருக்காது.

பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் சட்டை வாங்கினாலும் முதலில் தோளைப் பாருங்கள். இடுப்பைப் பிடிக்கலாம், நீளத்தைக் குறைக்கலாம். தோள் தையல் எலும்பைத் தாண்டித் தொங்கினால் கையைக் கழற்றி, தோளை வெட்டி, திரும்பப் பொருத்த வேண்டும். மலிவாக வாங்கிய சட்டைக்கு அந்தக் கூலி கட்டாது.

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர்களுக்கு உடை அறிவு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. கொசுவுக்காக முழுக்கை, தலைக்கு ஒரு துணி, பால் கறை போகாது என்பதால் வேலைக்கென்று தனி உடுப்பு. வேலையிலிருந்து உடைக்குப் போகும் அந்த வழியைத்தான் அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் உறுதியான எண்ணம். மோட்டாரில் போகிறவருக்கு நீளத் துப்பட்டா ஆபத்து, சக்கரத்தில் சிக்கும். துப்பட்டாவைப் பையில் வைத்து வேலையிடத்தில் போட்டுக்கொள்ளலாம், இல்லாவிட்டால் துப்பட்டா இல்லாமலே நன்றாக இருக்கும் கழுத்து வடிவத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

துணி விஷயம் இந்த ஊர் வெக்கையோடு சேர்ந்தது. முழுப் பாலியெஸ்டர் வியர்வையை உறிஞ்சாது, மத்தியானத்துக்குள் முதுகில் ஒட்டும். சாம்பல் நிறமும் வெளிர் நீலமும் வியர்வை ஈரத்தை அப்படியே காட்டும். வெள்ளையிலும் கரு நீலத்திலும் அவ்வளவாகத் தெரியாது. நேர்முகத் தேர்வுக்குப் போகும் பிள்ளைகளுக்கு இது முக்கியம். கடையின் குழல் விளக்கில் நிறத்தை முடிவு செய்யாமல், துணியைக் கடை முன்னால் இருக்கும் அஞ்சடி நடைபாதைக்கு எடுத்துப் போய் வெயில் வெளிச்சத்தில் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். முகம் மங்கித் துணி மட்டும் தெரிந்தால் அந்த நிறத்தைப் பாவாடைக்கோ கால்சட்டைக்கோ வைத்துக்கொள்ளலாம்.

ரவிக்கையின் பருத்தி லைனிங்கை வெட்டுவதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட வேண்டும். அப்படியே வெட்டினால் முதல் துவைப்பில் லைனிங் சுருங்கும், மேலே இருக்கும் பட்டு அந்த அளவுக்குச் சுருங்காது. கடைசியில் மார்பெல்லாம் சுருக்கம்.

அரசாங்க அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு வியாழக்கிழமை பாத்தேக், அதாவது மெழுகு வைத்துச் சாயம் போட்ட துணியில் தைத்த உடுப்பு. ஆண்களின் முழுக்கைச் சட்டைக்கு 2½ மீட்டர் போதும். ஆனால் முன்பக்கம் இரண்டு பாதியிலும் பூ சேர்ந்து வர வேண்டுமென்றால் அரை மீட்டர் கூடுதலாக வாங்குங்கள். பூ உடைந்து நிற்கும் பாத்தேக் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் எடுப்பாக இருக்காது.

சேலைக் கொசுவத்தின் உயரம் நீங்கள் போடப்போகும் செருப்பைப் பொறுத்தது. அதனால் செருப்பைப் போட்டுக்கொண்டே கட்டுங்கள். ரவிக்கைக்குப் பக்கத் தையலில் உள்ளே 1 அங்குலம் துணி விடச் சொல்லுங்கள், உடம்பு கூடினால் பிரித்துக்கொள்ளலாம். தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே துணியைக் கொடுத்துவிட்டால் ட்ரையல் பார்த்துத் திருத்த நேரம் இருக்கும். கடைசி இரண்டு வாரத்தில் கொடுத்தால் எந்தக் கடையிலும் தைத்ததைத் தைத்தபடி வாங்கிப் போக வேண்டியதுதான்.