சத்தமில்லாத பேருந்து

சீனாவின் ஷென்ஜென் நகர நிறுத்தத்தில் இன்று காலை பேருந்து வந்து நின்றதே எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு அமைதி. பக்கத்தில் நின்ற பாட்டிதான் கையைத் தட்டி ஏறச் சொன்னார்.

2017-ல் இங்கே 16,000-க்கும் மேற்பட்ட பேருந்துகள். அந்த ஆண்டிலேயே அத்தனையையும் மின்சாரத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

நான்தோ என்ற பழைய நகரப் பகுதியில் இறங்கினேன். மிங் அரச வம்சக் காலத்து நகர வாயில். செங்கல் இடுக்கில் புல்.

"1980 வரை வெறும் மீனவக் கிராமம்" என்றே இந்த ஊரை எல்லோரும் அறிமுகப்படுத்துகிறார்கள். சரி, சிறப்புப் பொருளாதார மண்டலம் அப்போதுதான் வந்தது. ஆனால் கி.பி. 331-லேயே இங்கே ஆட்சித் தலைமையிடம் இருந்தது!

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் 599 மீட்டர் பிங் ஆன் கோபுரத்தை அப்புறம் பாருங்கள். முதலில் இந்த வாயிலுக்குள் நடங்கள்.

"வந்துவிட்டால் நீயும் ஷென்ஜென்காரன்" என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த வாசகம். அந்தப் பாட்டியும் எங்கிருந்தோ வந்தவராகத்தான் இருப்பார்.