பெரா டெஸ்ட் நார்மல், அதுக்கப்புறம்தான் அலைச்சலே

பையனுக்கு ஆட்டிசம்னு ஏற்கனவே சொல்லிட்டாங்க, சத்தம், வெளிச்சம், தொடுதல் எல்லாம் அவன எப்படி பாதிக்குதுன்னு பாக்கற சென்ஸரி அசெஸ்மென்ட் மட்டும் பாக்கி. அதுக்கே நாலு தடவ அலைஞ்சோம், வயித்தெரிச்சல் இன்னும் அடங்கல.

முதல் தடவ ரெஃபரல் லெட்டர்ல சீல் இல்லன்னு கவுன்ட்டரோட திருப்பி அனுப்பிட்டாங்க. ரெண்டாவது தடவ பெரா டெஸ்ட், அதாவது தலையில எலக்ட்ரோட் ஒட்டி காது கேக்குதான்னு பாக்கறது. புள்ள தூங்கினாத்தான் எடுக்க முடியும்னு விடியறதுக்கு முன்னாடியே எழுப்பி, தூக்கக் கலக்கத்தோட தூக்கிட்டுப் போனேன். எலக்ட்ரோட் ஒட்டறதுக்கு முன்னாடி நெத்தியில சொரசொரன்னு ஒரு ஜெல் போட்டு தேய்ப்பாங்கன்னு யாருமே சொல்லல. தேச்சதும் அலறி முழிச்சவன், அந்த எடத்த செவக்க செவக்க தொடச்சிட்டே இருந்தான். "புள்ளைய இப்படியா வளப்பீங்க"ன்னு அங்க இருந்தவங்க கேட்டது இப்பவும் வலிக்குது. நீங்க போறதா இருந்தா ஒரு வாரம் முன்னாடியே ஈரத்துணியால நெத்தி, காதுக்குப் பின்னாடி தொடச்சு பழக்கிடுங்க. மூணாவது தடவ அப்படித்தான் முடிஞ்சுது.

ரிசல்ட் நார்மல். உடனே டாக்டர் "காது நல்லா கேக்குது, இது அடம்"னுட்டார். கேட்டுட்டு வந்துடாதீங்க! பெரா பாக்கறது சிக்னல் காதுலேர்ந்து மூளைத்தண்டு வரைக்கும் ஒழுங்கா போகுதாங்கறத மட்டும்தான், அதுக்கப்புறம் மூளை அந்த சத்தத்த என்ன பண்ணுதுங்கறது அதுல வராது. சென்ஸரி சிக்கல 2013ல வந்த டிஎஸ்எம்-5லயே (மனநல டாக்டருங்க நோய கண்டுபிடிக்க வச்சிருக்கற கையேடு) ஆட்டிசத்தோட அடையாளங்கள்ல ஒண்ணா சேத்துட்டாங்க, அத எடுத்துச் சொல்லித்தான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுக்கு (சென்ஸரி அசெஸ்மென்ட் பண்றவங்க) லெட்டர் வாங்கினேன்.

அந்த தெரபிஸ்ட் அம்மாதான் புரிய வச்சாங்க. மூளையில காபான்னு ஒரு கெமிக்கல், அது பிரேக் மாதிரி, தேவையில்லாத சிக்னல அடக்கும். ஆட்டிசத்துல தூண்டறதுக்கும் அடக்கறதுக்கும் நடுவுல இருக்கற பேலன்ஸ் மாறியிருக்கலாம்னு 2003லேர்ந்தே ஒரு கருத்து இருக்காம், எல்லாருக்கும் ஒரே மாதிரின்னு இன்னும் உறுதியாகல. "இந்த ஃபேன் சத்தம் நமக்கு கொஞ்ச நேரத்துல காதுலயே விழாது, இவனுக்கு விழுந்துகிட்டே இருக்கு போல"ன்னாங்க. அவங்க சொல்ற வரைக்கும் ஃபேன் சத்தம் போடுதுன்னே எனக்கு தெரியல. ஆஃப் பண்ணினாங்க. அதுவரைக்கும் மேசைக்கு அடியில இருந்த பையன் கொஞ்ச நேரத்துல வெளிய வந்து என் கையில இருந்த பேனாவ வாங்கினான்.

காபா மாத்திரைன்னு ஆன்லைன்ல விக்கறத டாக்டர கேக்காம வாங்கிக் கொடுக்காதீங்க. அப்பாயின்ட்மென்ட் போடும்போதே காலையில முதல் ஆளா கேளுங்க, வெயிட்டிங் ரூம் காலியா இருக்கும். எதெதுக்கு காத பொத்தறான்னு போன்ல வீடியோ எடுத்து வச்சுக்கோங்க, எங்களுக்கு பேச்ச விட அதுதான் உதவிச்சு.